இரண்டாவது கையெழுத்து

"சமூக அணிதிரட்டலில் நீண்ட அனுபவம் உள்ளவர். அண்டை அயலாரிடையே நம்பிக்கையை வளர்த்தெடுத்து, வளர்ச்சி வங்கிக்கும் குடிமைச் சமூகத்துக்கும் இடையே பாலமாக விளங்கியவர்."

வங்கி வழவழப்பான தாளில் அச்சிட்டு அனுப்பிய ஆண்டு மலரில், ஒரு புகைப்படத்துக்குக் கீழே இப்படி இருந்தது. படத்தில் இருந்த சீட் கவர் கடைக்காரம்மா அதைத் தன் கணவருக்கு வாசித்துக் காட்டினார். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் யாரைப் பற்றி என்று கேட்டார். மலரை மூக்குக்கு நேரே நீட்டியதும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "படம் உன்னுதுதான். எழுத்து வேற யாருக்கோ எழுதினது. மாறிப் போச்சு" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அணிதிரட்டுவது கிடக்கட்டும், அந்தத் தெருவில் அவர் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணி முடித்த பிறகும் விரல்கள் மிஞ்சும். தெருவில் அந்த அம்மாவுக்குக் கத்திரி என்று பெயர். தொழிலுக்கு வைத்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பைக், வேன், லாரி இருக்கைகளுக்கு ரெக்சின் வெட்டி உறை தைப்பதுதான் அவருடைய தொழில், ஆகவே அப்படி நம்ப இடமிருந்தது. தெருக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தது, யார் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் பாதியிலேயே வெட்டிவிடுவார் என்பதற்காக. கைத்தொழிலில் குறை சொல்ல முடியாது. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வண்டிகள் வரும். வந்தவர்கள் இருக்கையை மாட்டிக்கொண்டு, பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுவார்கள்.

கடையை ஒட்டி ஒரு மாவு மில். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மில்லின் பெயர்ப் பலகையில் இருந்தது கணவரின் அண்ணன் பெயர். மில்லை நடத்தியது அண்ணனின் மனைவி, அதாவது கத்திரியின் ஓரகத்தி. இந்த இரண்டு பெண்களும் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. காரணம் மாவுத்தூசி. மில் ஓடினால் தூசி சுவரைத் தாண்டி வந்து கறுப்பு ரெக்சின்மேல் படியும். சீட்டுக்குப் பவுடர் போட்டு வைத்திருக்கிறீர்களா என்று ஒரு லாரி டிரைவர் கேட்டுவிட்டார். கத்திரி அன்றைக்கே நகராட்சிக்குப் புகார் எழுதினார். தூசி உறிஞ்சும் குழல் வைக்கும்வரை மில்லுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அன்றோடு நேரடிப் பேச்சு நின்றது. சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லும் பேச்சுக்கு மட்டும் இரண்டு பக்கமும் குறைவே இருந்ததில்லை.

அண்ணன் தம்பிகளுக்குள் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. தினமும் முனை டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்வார்கள். வீட்டுச் சண்டையைத் தவிர்த்துப் பேச வேறு எதுவும் தோன்றாததால், பேசாமலே குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

இந்தத் தெருவுக்குத்தான் மழைநீர் வடிகால் திட்டம் வந்தது. கடன் கொடுத்தது வளர்ச்சி வங்கி. கொடுத்தது கடனோடு நிற்கவில்லை, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: தோண்டுவதற்கு முன் மக்களைக் கேட்க வேண்டும். கேட்டார்கள். பள்ளிக்கூடக் கூடத்தில் நாற்காலி போட்டு, வண்ண வண்ணக் கோடுகள் ஓடிய ஒரு பெரிய வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கேட்டார்கள்.

மில்காரம்மா எழுந்தார். எதிர் வரிசையில் பெரிய வடிகால் வருகிறது, நடுவில் ரோட்டை உயர்த்துகிறார்கள், அப்படியானால் எங்கள் பக்கத்துத் தண்ணீர் எப்படித் தாண்டிப் போகும், எங்கள் இரண்டு கடைக்கு முன்னால் ரோட்டுக்கு அடியில் ஒரு குறுக்குக் குழாய் வேண்டும் என்றார். திட்ட அலுவலகப் பொறியாளர் தலையை ஆட்டி, வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

கத்திரிக்கு வரைபடம் புரியவில்லை. குழாய்களைப் பற்றி அதுவரை எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. அபிப்பிராயமெல்லாம் குழாய் கேட்டவரைப் பற்றித்தான். எழுந்தார். குழாய் வேண்டவே வேண்டாம், கடை வாசலை மாதக்கணக்கில் தோண்டிப் போடுவார்கள், வண்டி எப்படி நிறுத்துவது, அதோடு குழாயில் கொசு வரும் என்று ஒரே மூச்சில் சொல்லி உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் கை தட்டினார். கூட்டம் சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கையில் தட்டியது. பொறியாளர் பென்சில் கோட்டை அழித்தார். அன்றைய கூட்டத்தின் அறிக்கையில், அந்தக் கோரிக்கையில் ஒருமித்த கருத்து இல்லாததால் அது கைவிடப்பட்டது என்று எழுதினார்கள். மக்களின் குரலுக்கு இவ்வளவு உடனடியாகச் செவிசாய்த்த அலுவலகம் வேறு இருக்காது.

ரோடு உயர்ந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. எதிர் வரிசை மருந்துக்கடைக்காரர், வாழ்நாளில் முதல் முறையாக மழையில் செருப்பு நனையாமல் கடை திறந்ததாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கத்திரியின் கடைக்கும் மில்லுக்கும் முன்னால் ரோடு ஒரு கரைபோல நின்றது. முதல் கனமழையில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் வந்து, போக வழியில்லாமல், இரண்டு கடைக்குள்ளும் குடியேறியது.

ஃபோம் தண்ணீர் குடித்தால் பிறகு எதற்கும் ஆகாது. வெயிலில் எவ்வளவு காய வைத்தாலும் உட்காருகிறவர் எழும்போது பின்பக்கம் ஈரம் சொல்லும். கத்திரியின் அடுக்குகளில் கீழே இருந்ததெல்லாம் போயிற்று. பக்கத்தில் மில்லின் மோட்டார் பள்ளம் நிரம்பி அரவை நின்றது. மழை விட்ட பகலில் இரண்டு பெண்களும் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். இவர் இறைத்து ஊற்றியது மில் வாசலுக்கு ஓடியது. அவர் இறைத்து ஊற்றியது கடை வாசலுக்கு ஓடியது. ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், ஒருவர் பின் ஒருவராக ஏதாவது ஒரு பக்கம் ஊற்றியிருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லாத காரணத்தால் ஒரே தண்ணீரைச் சாயங்காலம்வரை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்தார்.

கத்திரி திட்ட அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க கேட்டோம்மா. நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்றார். வேலை முடிகிற கட்டம், அடுத்த மழைக்காலத்துக்குள் ஒப்பந்தக்காரர் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார், வங்கியும் கணக்கை மூடிவிடும். கத்திரி வாழ்க்கையில் முதல் முறையாகப் பாதிப் பேச்சில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். இன்னொரு மழைக்காலம் அந்தக் கடை தாங்காது. அது அவருக்குத் தெரியும்.

நகர நீர் மன்றம் என்ற அமைப்பைப் பற்றிச் சொன்னவர் அவருக்குத் தையல் நூல் விற்கும் வியாபாரி. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு மேசை. சுவர் நிறைய, கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் பலர் வரிசையாக நிற்கும் புகைப்படங்கள். மன்றத்தை நடத்தியவர் முன்னாள் கல்லூரி ஆசிரியர், நிதானமானவர். வங்கி வருடா வருடம் நடத்தும் கூட்டத்துக்கு அவரை அழைக்கும். அவர் போய் வங்கியைக் குறை சொல்லிவிட்டு வருவார். வங்கி நன்றி சொல்லிப் படம் எடுத்து அனுப்பும். அவரை அமைப்புக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் விளக்கியதைக் கத்திரியால் முதலில் நம்ப முடியவில்லை. கடன் கொடுத்த அதே வங்கி, தன் திட்டங்களைப் பற்றிய புகார்களைக் கேட்க ஒரு தனி அலுவலகமும் வைத்திருக்கிறது. தன் தலையில் குட்டுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப நீங்களே எழுதிப் போட்டுடுங்களேன்" என்றார் கத்திரி.

"அதான் முடியாது. நாங்க பக்கத்துல நிக்கலாம், எழுதித் தரலாம், கூட வரலாம். புகார் பாதிக்கப்பட்டவங்களோடதா இருக்கணும். அதுவும் ஒருத்தர் போட்டா செல்லாது. ரெண்டு பேர் வேணும், வேற வேற குடும்பம்."

வங்கி இந்த விதியை ஏன் வைத்தது என்று அமைப்புக்காரர் சொன்னார். ஒருவருடைய தனிப்பட்ட மனக்குறை எது, தெருவின் குறை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமாம். ஒருவர் குறை சொன்னால் அது கோபம், இருவர் சொன்னால் சமூகம். இரண்டாவது ஆள் கிடைப்பது என்ன பெரிய விஷயம் என்று அவர் நினைத்தார். அவருக்குத் தெரு தெரியாது.

கத்திரி வீடு வீடாகப் போனார். தண்ணீர் நின்றது எல்லோருக்கும் தெரியும், கையெழுத்து என்றதும் எல்லோருக்கும் வேலை வந்தது. டீக்கடைக்காரரிடம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்தான் காலையிலிருந்து மாலைவரை டீ குடிக்கிறார்கள். பின்னால் குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்கள், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் வெளியூர். அவர் கடையிலேயே முன்பு தையல் வேலை பார்த்த பெண் ஒருத்தி கதவைப் பாதி திறந்து, "போன தடவை நீங்க புகார் எழுதினப்ப மில்லையே மூடினாங்களே. இந்த தடவை எதை மூடுவாங்க?" என்று கேட்டு மீதிக் கதவையும் சாத்தினாள்.

சொந்தக் கணவர் ஒப்பந்தக்காரரின் தண்ணீர் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்து எப்படியும் செல்லாது, ஒரே குடும்பம். அவர் அதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அது வருத்தப் பெருமூச்சு என்று கத்திரி எடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் புகுந்தது இரண்டு கடைக்குள். கடைசியில் மிஞ்சியதும் அந்த ஒரு கதவுதான். அண்ணனை டீக்கடையில் வைத்துக் கணவர் கேட்டுப் பார்த்தார். "எம் வீட்டுக்காரி போட்டா நானும் போடறேன்" என்றார் அண்ணன், வீட்டு அரசியலில் ஊறிய நிதானத்தோடு.

"பக்கத்து மில் உங்க சொந்தக்காரங்களோடதா? அப்ப ஒரே குடும்பம்னு சொல்லிடுவாங்களோ?" என்று அமைப்புக்காரர் சந்தேகப்பட்டார்.

"சமையல் வேற, கதவு வேற" என்றார் கத்திரி. "சண்டை மட்டும்தான் பொது."

ஒரு பகலில் அவர் மில்லுக்குப் போனார். மோட்டாரைச் செங்கல் மேடை கட்டி ஏற்றியிருந்தார்கள், அரவை நடந்துகொண்டிருந்தது. டின்னும் பையுமாக நான்கைந்து பேர் நின்றார்கள். கத்திரி வெறுங்கையோடு வரிசையின் கடைசியில் நின்றார். பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மில்காரம்மா ஒவ்வொருவருடைய மாவையும் வழக்கத்தைவிட நன்றாகத் தட்டிக் கொட்டிக் கொடுத்தார். கத்திரியின் முறை வந்ததும், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பி, "என்ன அரைக்கணுமாம்னு கேளுங்க" என்றார்.

"அரைக்க ஒண்ணும் இல்ல. ஒரு கையெழுத்து வேணும்னு சொல்லுங்க."

நடுவில் நின்ற பெண் இரண்டையும் ஒப்பிக்கலாமா, நழுவலாமா என்று தடுமாறினாள். மில்காரம்மா ஸ்விட்சை அணைத்தார். பெல்ட் ஓய்ந்து நின்றது.

"மறுபடியும் புகாரா? வேற வேலையே கிடையாதா உனக்கு?"

பல வருடங்களுக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை அது. கத்திரி அதை வாங்கிக்கொண்டார்.

"இந்த தடவை உங்க மேல இல்லக்கா."

காகிதத்தை நீட்டினார். மில்காரம்மா மாவுக் கையைப் புடவையில் துடைத்தார், காகிதத்தைத் தொடவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து வேண்டாம் என்றாயே, ஏன் என்று கேட்டார். கொசு வரும் என்று நினைத்ததாகக் கத்திரி சொன்னார்.

"கொசு."

"ஆமாக்கா."

மில்காரம்மா ஸ்விட்சின் மேல் கை வைத்தார். கத்திரி அவசரமாகச் சொன்னார்:

"நீங்க வேணும்னீங்க. அதான்."

"இது எனக்கு அன்னைக்கே தெரியும். மாவு டின்னு நடுவுல நின்னு இதை நீ எங்கிட்ட சொல்லி எனக்கென்ன ஆகப் போகுது? அத்தனை பேர் கேக்க வேண்டாம்னே. அத்தனை பேர் கேக்க இதையும் சொல்லு. காகிதத்துலயும் எழுதட்டும். அப்பறம் போடறேன்."

அமைப்புக்காரர் இதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். புகாருக்கு வங்கி சொல்லப்போகும் பதிலே அதுதான் என்றார்: மக்களைக் கேட்டோம், மக்கள் மறுத்தார்கள். அதை நாமே முதல் பக்கத்தில் எழுதுவது எதிராளியின் கையில் குச்சியை எடுத்துக் கொடுப்பது. அவருக்கும் சங்கடம் இருந்தது. அவருடைய மன்றம் அதே வங்கியிடம் ஒரு ஆய்வு வேலை கேட்டிருந்தது. இந்த நேரத்தில் புகார் வேண்டாம் என்று உடன் வேலை செய்பவர் சொல்லியும் கேட்காமல் இறங்கியிருந்தார். இறங்கிவிட்டுத் தோற்கவும் வேண்டுமா? கொஞ்சம் யோசித்து, 'குடியிருப்பாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். கத்திரி அதை எடுத்துக்கொண்டு போனார். மில்காரம்மா வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கருத்தும் இல்ல, வேறுபாடும் இல்ல. வீம்பு. வீம்புன்னு எழுதச் சொல்லு."

வளர்ச்சி வங்கிகளின் கோப்புகளில் அந்தச் சொல் அதற்கு முன் இடம்பெற்றிருக்குமா என்பது சந்தேகம். அமைப்புக்காரர் எழுதினார். கத்திரி கையெழுத்திட்டார். மில்காரம்மா இரண்டு முறை படித்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார், கத்திரியுடையதைவிடப் பெரிதாக.

புகார் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நரைத்த தலை, சின்னக் குறிப்பேடு, ஒன்றுக்கும் வியக்காத முகம். விசாரணை நீர் மன்றத்தின் அறையில் நடந்தது. வங்கியின் திட்ட அதிகாரியும் பொறியாளரும் ஒரு பக்கம், புகார்தாரர்கள் இருவரும் எதிர்ப்பக்கம், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு. தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். கையெழுத்துப் போட நேரமில்லாத டீக்கடைக்காரருக்கு இதற்கு நேரம் இருந்தது. அண்ணனும் தம்பியும் மாடிப்படியில், உள்ளே வராமலும் போகாமலும்.

திட்ட அதிகாரி சுருக்கமாகப் பேசினார். கூட்டம் நடந்தது, கோரிக்கை வந்தது, புகார்தாரரில் ஒருவரே அதை எதிர்த்தார், மக்களின் விருப்பத்தை மதித்தோம். அமைப்புக்காரர் கூரையைப் பார்த்தார். எல்லோரும் கத்திரியைப் பார்த்தார்கள்.

அந்த அம்மாள் கத்திரியிடம் நல்லெண்ணத்தோடு ஒரு கேள்வி கேட்டார். குழாய் இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று அன்றைக்கு யாராவது விளக்கினார்களா?

"இல்லீங்க. டீ குடுத்தாங்க."

சுவரோரம் சிரிப்பு எழுந்தது. அமைப்புக்காரர் கூரையிலிருந்து இறங்கினார். கத்திரி அதோடு நிறுத்தியிருக்கலாம். பழி முழுவதும் மேசையின் அந்தப் பக்கம் போயிருக்கும், ஒருவரும் கத்திரியைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் வாயை மூடினார். காலி நாற்காலிக்கு அப்பால் மில்காரம்மா திரும்பவில்லை, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று, இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. அது கத்திரிக்கும் தெரியும்.

"சொல்லியிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் கத்திரி.

அம்மாளின் பேனா நின்றது. ஏன் என்று கேட்டார்.

"எங்கக்கா வேணும்னாங்க. அவங்க சொன்னது சரியா தப்பான்னு நான் பார்க்கல. அவங்க எந்திரிச்சாங்க, நானும் எந்திரிச்சேன். கொசுன்னு சொன்னது சும்மா. வீம்புக்குச் சொன்னேன். தப்பு என்னுது."

யாரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், தானும் கை தட்டியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, தரையைப் பார்த்தார். மில்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொசு அப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அது குழாய்க்காகக் காத்திருக்கல" என்றார்.

அந்த அம்மாள் பொறியாளரிடம் திரும்பி, பென்சில் கோட்டை முதலில் போட்டது எதனால் என்று கேட்டார். தேவைப்பட்டதால் என்றார் அவர். அழித்தது எதனால்? ஒருவர் வேண்டாம் என்றதால். அழித்த பிறகு தேவை எங்கே போயிற்று என்று அம்மாள் கேட்டார். பொறியாளர் நாணயமான மனிதர், முன்னால் இருந்த கோப்பை மூடி வைத்தார்.

அறிக்கை சில வாரங்களில் வந்தது. மக்களைக் கேட்பது என்பது யார் எந்திரிக்கிறார்கள், யார் உட்காருகிறார்கள் என்று பார்ப்பதல்ல, தண்ணீர் போகும் வழியை ஒரு சண்டையின் முடிவுக்கு விட்டது திட்ட அலுவலகத்தின் குறை என்று அதில் இருந்தது, இதைவிடப் பல மடங்கு நீளமான சொற்களில். ஒப்பந்தக்காரர் போவதற்குள் ரோட்டை வெட்டிக் குழாய் பதித்தார். கடை வாசல் மாதக்கணக்கில் தோண்டிக் கிடந்தது, வண்டி நிறுத்த இடமில்லை. கத்திரி அன்றைக்குச் சொன்னதில் அந்தப் பகுதி மட்டும் அப்படியே பலித்தது. மன்றத்துக்கு ஆய்வு வேலை கிடைத்தது. புகார் கொடுத்ததாலா, கொடுத்தும் கூடவா என்று அமைப்புக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓரகத்திகள் இப்போது பேசிக்கொள்கிறார்கள். மழை மேகம் கட்டினால் ஒருவர் வெளியே வந்து, குழாய் வாயில் குப்பை அடைத்திருக்கிறது என்பார். மற்றவர் கம்பியை எடுத்து வருவார். வேறு பேச்சு இல்லை.

வங்கி மலரில் என்ன எழுதியிருந்தாலும், கத்திரி எந்தத் தெருவையும் திரட்டவில்லை. ஓரகத்தியிடம் போய் ஒரு கையெழுத்துக் கேட்டார், தான் வேண்டாம் என்றது வீம்புக்கு என்பதைப் பலர் முன்னால் ஒப்புக்கொண்டார்.